ஒரு மூட்டை கருமணல்

"மிஸ், ஓடி வாங்க! திருடனைப் பிடிச்சுட்டேன்!"

காவலுக்கு நிற்கும் ஜாகா ஆம்புரோஸ் போட்ட சத்தத்தில், உள்ளே மணலைச் சோதித்துக்கொண்டிருந்த கம்பெனி அதிகாரி வெண்டி கேட்டுக்கு ஓடினாள்.

கேட்டுக்குள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்த ஆள் ஹெல்மெட்டும், முன்பின்னாக மாட்டிய ஜாக்கெட்டுமாக நின்றது. பின்சீட்டில் ஒரு மூட்டை. அதன்மேல் கம்பெனி பெயர்.

மூட்டைக்குள் கருமணல். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் வெள்ளீயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, குப்பை என்று கொட்டிய மணல். அதில் என்னென்னவோ விலை உயர்ந்த உலோகம் இருக்கிறதென்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. கம்பெனி வேலி போட்டது. ஆம்புரோஸையும் போட்டது. அப்படியும் மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன.

"எத்தனை நாளா லா இந்த வேலை? போலீசக் கூப்பிடுங்க மிஸ்! இவனுங்களால நம்ம சனத்துக்கே மானம் போவுது!"

ஆள் ஹெல்மெட்டைக் கழற்றியது.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடலை விற்கும் இருளாயி அக்கா!

ஆம்புரோஸின் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"அட, அக்காவா... மிஸ், வயசானவங்க. பாவம், ஏதோ தெரியாம செஞ்சுட்டாங்க. விட்டுருவோமே."

வெண்டிக்கு ஆச்சரியம். இந்த முரட்டு ஆளுக்குள் இப்படி ஒரு மனசா?

"இருங்கண்ணே. அக்கா, இந்த மூட்டைய எங்க கொண்டு போறீங்க?"

"எங்கம்மா கொண்டு போறேன்? மோட்டாரு உள்ளுக்குத்தானே பாத்து நிக்குது. திருப்பிக் குடுக்கக் கொண்டாந்தேன்."

"திருப்பியா?"

"ஒரு ஆளு வித்தாம்மா. கடலை வறுக்க இத மாதிரி மண்ணு கெடைக்காது, சூடு அப்படியே நிக்கும்னான். நெசமாவே நின்னுச்சு. போன வாரம் பாலாய் ராயா மண்டபத்துல நீங்க பேசுனீங்கல்ல, இந்த மண்ண வீட்டுல வச்சுக்காதீங்க, ஒடம்புக்கு ஆவாதுன்னு? வறுத்த கடலை அம்புட்டையும் பொதைச்சுட்டேன். நாலு நாளா கடை தொறக்கல."

போன மாதம் முழுக்க வெண்டி கொறித்தது அக்கா கடைக் கடலைதான்.

"வித்தது யாருன்னு சொல்லுங்க. இங்க வேலை செய்யற ஆளா இருந்தா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"புள்ளகுட்டிக்காரனா இருந்தா?"

"இருந்தாலும்தான்."

இருளாயி ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"மாஸ்க் போட்டிருந்தாம்மா. மொகம் தெரியல."

வெண்டி பெருமூச்சு விட்டாள். "சரிக்கா, மூட்டைய வச்சுட்டுப் போங்க."

திரும்பும்போது ஆம்புரோஸைப் பார்த்துச் சிரித்தாள். "மன்னிக்கிற மனசு எல்லாருக்கும் வராதுண்ணே."

அவள் உள்ளே போகும்வரை இருளாயி காத்திருந்தாள். பிறகு மூட்டையைத் தள்ளி இறக்கிவிட்டு, மோட்டாரைக் கிளப்பினாள்.

"வீட்டுல இன்னும் ரெண்டு மூட்டை கெடக்கு, ஆம்புரோஸு. எனக்கு முதுகு முறியுது. கொண்டாந்து எறக்குன மாதிரியே நீயே வந்து தூக்கிட்டுப் போயிடு லா."