பீட்டர்பரோவுக்குத் தெற்கே

எடின்பரோவிலிருந்து லண்டன் வரும் ரயிலில் பதினோரு வருடமாகத் தேநீர் வண்டி தள்ளுகிறான் குகதாசன். நியூகாசிலில் ஏறுகிறவர்கள் அவனைச் செல்லம் என்று கூப்பிட்டு, கால் நோகவில்லையா என்று கேட்பார்கள். யார்க் தாண்டினால் வெறும் நன்றிதான். பீட்டர்பரோவும் தாண்டி லண்டன் நெருங்கினால் கோப்பைக்கு ஒரு கை மட்டும் நீளும். முகம் கைபேசியை விட்டு நிமிராது. "உந்தச் சனத்துக்கு வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?" என்று வண்டியிடம் முணுமுணுப்பான். அன்று மாலையும் கால்களை இழுத்துக்கொண்டு லண்டன் வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்தான். மனைவி தயாளினி தேநீரோடு வந்தாள்.

"என்னப்பா, கால் நோகுதோ?"

கைபேசியைப் பார்த்தபடியே கையை நீட்டினான். கோப்பையைப் பிடித்தான். அவள் அதை விடவில்லை.