மூளை பொய் சொல்லாது

“அசையாதீங்க தம்பி. மூக்கு அரிச்சாலும் கை மேல போகக் கூடாது. இருபது நிமிஷம், அவ்வளவுதான்.”

மைக்கில் சொல்லிவிட்டுப் பேராசிரியர் ஜன்னல் வழியே பக்கத்து அறையைப் பார்த்தார். ஸ்கேன் எந்திரத்தின் குழாய்க்குள் பையன் தலையை விட்டுப் படுத்திருந்தான். வெளியே தெரிந்தவை சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள் மட்டும்தான்.

“இது அநியாயம்ப்பா,” என்றாள் மகள். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தாள். “எல்லா அப்பாவும் பையனோட வேலையை விசாரிப்பாங்க, குணத்தை விசாரிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் மண்டைக்குள்ளயே புகுந்து விசாரிக்கிறீங்க.”

“வாய் என்ன வேணா சொல்லும்மா. மூளை பொய் சொல்லாது.”

இருபத்தெட்டு வருடங்களாக வீட்டிலும் வகுப்பிலும் அவர் சொல்லிவரும் வாக்கியம் அது. உயிரோடிருக்கும் மனிதனின் மூளையில் எதைப் பார்த்தால் எந்த இடம் வேலை செய்கிறது என்று படம் பிடிப்பதுதான் அவர் தொழில். தன் கல்யாணத்தின்போது இந்த எந்திரம் இல்லாமல் போயிற்றே என்று அவருக்கு ஒரு குறை உண்டு. அவர் மனைவிக்கும் உண்டு.

சோதனை எளிமையானது. பையனின் கண்ணெதிரே திரையில் நாற்பது படங்கள் வரும். முப்பது, யார் யாரோ முகங்கள். பத்து, மகளின் முகம். ஆசை வைத்தவரைக் கண்டால் மூளையின் அடியில் ஓர் இடம் விழித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் அது ஆரஞ்சு நிறத்தில் எரியும். எரிந்தால் கல்யாணத்துக்குச் சம்மதம். எரியாவிட்டால் அவருடைய நண்பரின் மகன், அந்தப் பல் டாக்டர். பையன் மேல் இருந்த நம்பிக்கையில்தான் மகள் இந்தப் பந்தயத்துக்கே தலையாட்டியிருந்தாள்.

எந்திரம் தடதடவென்று முழங்கியது. பத்துப் படங்கள் போயின. சத்தம் சற்று ஓய்ந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல்.

“சார், ஒரு சின்ன விஷயம்...”

“பேசாதீங்க தம்பி! தாடை ஆடினா தலை ஆடும். அப்புறம் எல்லாம் பாழ். முடியற வரைக்கும் மூச்!”

குரல் அடங்கிவிட்டது. “பயந்துட்டான்போல,” என்றார் மகளிடம், கொஞ்சம் சந்தோஷமாகவே.

நாற்பதாவது படமும் போனது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிக்கும்வரை மகள் நகத்தைக் கடித்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் மூளை வந்து நின்றது. ஆரஞ்சு இல்லை. மருந்துக்குக்கூட இல்லை.

“இன்னொரு தடவை போட்டுப் பாருங்கப்பா.”

“மூணு தடவை பாத்தாச்சும்மா.”

எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் தலையைச் சொறிந்தான். “சார், இன்னொண்ணும் இடிக்குது. யார் முகத்தைப் பாத்தாலும் பின்பக்கம் ஒரு இடம் எரியணுமே? அதுவும் எரியல.”

“கேட்டியாம்மா!” பேராசிரியர் மேசையைத் தட்டினார். “ஆசைதான் இல்ல, போகட்டும். உன் மூஞ்சியை ஒரு மூஞ்சியாக்கூட அவன் மதிக்கலையே! இப்படி ஒரு கல்நெஞ்சக்காரனை நான் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல.”

மகளுக்கு வாதாடத் தோன்றவில்லை. அப்பாவின் அந்த வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தவள் அவள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“உன் முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா போதும்னு ரெண்டு வருஷமா சொன்னானேப்பா...”

“அது வாய் சொன்னதும்மா.”

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. “அந்தப் பல் டாக்டரையே வரச் சொல்லுங்க. இனிமே இவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்.”

அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது. மகள் அழுதது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பெரிய விபத்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி. சூட்டோடு சூடாக நண்பருக்குப் போன் போட்டு, “என் பொண்ணு சம்மதிச்சுட்டா, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துடுங்க,” என்று சொல்லி முடித்தார். அதற்குப் பிறகுதான் பையனை வெளியே விடச் சொன்னார்.

கதவு திறந்தது. பையன் சுவரைத் தடவிக்கொண்டே வந்தான். நாற்காலியில் இடித்துக்கொண்டு அதனிடம் ஒரு ‘சாரி’ சொன்னான். பிறகு டெக்னீஷியனைப் பார்த்து மரியாதையாகக் கைகுப்பினான்.

“சார், நடுவுல பேசினதுக்கு மன்னிச்சுடுங்க. இரும்புச் சாமான் உள்ள போகக் கூடாதுன்னு என் மூக்குக்கண்ணாடியையும் கழட்டி வாங்கிட்டாங்க. அது இல்லாம எனக்கு எல்லாமே ஒரே புகைமூட்டம்தான். அதைக் குடுத்துட்டீங்கன்னா... நீங்க படம் போட ஆரம்பிக்கலாம் சார்.”