குழாயைத் தட்டினால்

கைவிட்ட சுரங்கத்துக்குள் தெரு இறங்கிவிடக் கூடாதென்று, மேலிருந்து துளை போட்டு, குழாய் இறக்கி, சிமெண்ட் கலவையை ஊற்றி நிரப்புகிறோம். அங்கே நான் இன்ஜினியர். என் அப்பா அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கூரை சரிந்த அன்று உள்ளே யாருமே இல்லை என்று கம்பெனி சாதித்தது. அப்பா எங்கேயோ ஓடிப்போய்விட்டாராம். அம்மாவிடமே வாய் கூசாமல் சொன்னார்கள்.

பம்ப் ஓட்டும் மாமா பழைய சுரங்கத் தொழிலாளி. எதைக் கீழே அனுப்பினாலும் முதலில் குழாயைத் தட்டிக் கேட்பது அவர்கள் வழக்கம். பழக்க தோஷத்தில் இங்கேயும் முதல் துளையில் தட்டினார். கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது.

"ஆள் இருக்குனு அர்த்தம்மா," என்று சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"காத்துய்யா அது. போடு," என்றார் கம்பெனி மேனேஜர்.

"காத்துக்கு எண்ணத் தெரியுமா சார்? கேமராவை இறக்கிப் பாருங்க," என்றேன்.

"படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது?" என்று அவரே சுவிட்சைப் போட்டார்.

அந்தத் துளை நிரம்பியதும் தட்டல் அடுத்த துளைக்கு நகர்ந்தது. அதையும் நிரப்பினார். இப்படியே துரத்தித் துரத்தி எல்லாவற்றையும் மூடினார். பிறகு தன் அறைக்குக் கூப்பிட்டு, "உள்ள யாரும் இல்லைனு கையெழுத்து போடும்மா," என்று பேனாவை நீட்டினார்.

அவர் மேசைக்கு அடியில், துளையே போடாத தரையில், மூன்று தட்டு கேட்டது.

நான் மண்டியிட்டு, அதே பேனாவால் பதில் தட்டினேன்.

மேனேஜர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "காத்துதான்மா," என்றார்.