இரண்டு மணி நேரக் கல்யாணம்

என் மீசைமேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை!

மகளின் இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவை ஒரே சிடியில் அமுக்கி எழுதினார் பன்னீர். டிவிடி பிளேயர் அதைச் சுழற்றிப் பார்த்தது.

"யாருடா நீ?"

"எண்பது நிமிஷ விசிடியும் இல்லை, டிவிடியும் இல்லைங்கண்ணே. புது மாதிரி" என்றது சிடி.

"என் பட்டியல்ல அப்படி ஒண்ணு கிடையாது. வெளியே போ!"

"இன்னொரு தடவை பார்ப்பேன். ஓடலைன்னா கிளி விரட்டக் கொய்யா மரத்துல கட்டிருவேன்" என்றார் பன்னீர்.

பயந்துபோன சிடி, தான் யாரென்று சொல்லும் முதல் வரியில் தானே 'விசிடி' என்று எழுதிக்கொண்டு உள்ளே போனது.

"இப்பதானே வந்தே?"

"அது எங்க அண்ணன்ங்க."

பிளேயர் முதல் வரியைப் படித்துவிட்டு ஓட்டியது. எண்பதாவது நிமிஷம் முனகியது.

"விசிடின்னா இந்நேரம் முடிஞ்சிருக்கணுமே? இன்னும் தாலியே கட்டலை!"

"ஐயர் மெதுவுங்கண்ணே."

"சந்தேகமாத்தான் இருக்கு. ஆனா எழுத்து சரியா இருக்கே" என்று கடைசிவரை ஓட்டியது.

அடுத்து வந்தது கடையில் வாங்கிய அசல் விசிடி. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"அதுக்குள்ளயா? முன்னே வந்த விசிடி ரெண்டு மணி நேரம் ஓடுச்சே! நீ போலிடா!" என்று துப்பிவிட்டது பிளேயர்.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். பிளேயர் காதில் விழுந்தால் கல்யாணச் சிடியின் கதி அவ்வளவுதான்.