பொழுது சாய்ந்தால்

"விடியக்காலம் ஒரு மூட்டை கடலைக்காயத் தனியாத் தூக்கி வண்டியில போட்டாருங்க. பொழுதோட ஒரு சொம்புத் தண்ணி தூக்க முடியலங்கறாரு. நோவுன்னா காலையில மட்டும் அது எங்கீங்க போயிருது?"

மாரியம்மன் கோயில் வாசலில், ஊர்க்கூட்டத்தின் நடுவே நின்று மாரக்காள் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். அவள் புருஷன் தீர்த்தகிரி சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆறு மாதமாக அப்படித்தான். விடியும்போது பழைய உடம்பாக இருக்கும். உச்சி திரும்பியதும் கைகால் அவன் சொல் கேட்காது. அந்தியில் இமை தானாகச் சரியும், பேச்சு மூக்கால் வரும்.

வேலைக்குப் பயந்து படுக்கிறான் என்று ஊரே சொன்னது. மாரக்காள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று அவளே, கல்யாணத்தை அறுத்துவிடச் சொல்லிக் கூட்டம் கூட்டிவிட்டாள்.

ஊர்க்கவுண்டர் தங்கசாமி தொண்டையைச் செருமினார். "நோவுல உழுந்தவன உட்டுட்டுப் போறதுக்கு ஊரு ஒத்துக்காது, ஆத்தா. வேணும்னே படுத்துக் கெடக்கறவன்னா அத்துக்கிட்டு உம்பட அப்பன் ஊட்டுக்குப் போலாம். தீர்த்தகிரி, நோவுதான்னா டாக்குட்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. வெள்ளிக்கெழம பேசி முடிச்சுக்கலாம்."

வியாழக்கிழமை எடப்பாடியில் முதல் பஸ் பிடித்துச் சேலத்துக்குப் போனான். ஜெர்மன் சண்டை தொடங்கி இரண்டாம் வருஷம் அது. வழியெல்லாம் அவனுக்கு ஒரே பயம், காலை நேரத்து உடம்பு தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுமே என்று.

அப்படியே ஆயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் பாலசுந்தரம் அவன் கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கற?"

தீர்த்தகிரிக்குக் கண் கலங்கியது. "பொழுதோடதானுங்க வருது. எங்கூட்டுல இருக்கறவளே நம்பலீங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் நிறுத்தாம, சத்தமா எண்ணு."

நாற்பது வரை கணீரென்று வந்தது. ஐம்பதில் குரல் மூக்குக்கு ஏறியது. எழுபதில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு கூரையை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு இமையும் இறங்கிவிட்டன.

ஊசி ஒன்று போட்டுக் கால்மணி நேரம் உட்கார வைத்தார். இமை தானாக ஏறியது. மறுபடி எண்ணச் சொன்னார். நூறைத் தொட்டதும் தீர்த்தகிரி விசும்பி அழுதான்.

"இது சோம்பலும் இல்ல, வெறும் அசதியும் இல்லப்பா. நரம்பு குடுக்கற கட்டளை சதைக்குச் சரியாப் போய்ச் சேரல. வேலை செய்யச் செய்யக் கூடும், படுத்தாக் கொறையும். அடியோட தீராது, அடக்கி வச்சுக்கலாம். காட்டு வேலையக் காலையிலயே முடிச்சுடு, மத்தியானம் படு, மாத்திரைய நேரம் தவறாமப் போடு." எழுதிக்கொண்டே கேட்டார்: "ராத்திரியில சோறு தொண்டையில நிக்குமே?"

"இல்லீங்க. பொழுது எறங்கறதுக்கு முந்தியே எஞ்சம்சாரம் களியக் கூழாக் கரச்சுக் குடுத்துருவா. முழுங்கி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பாளுங்க."

டாக்டர் தலை நிமிர்ந்தார். "அதனாலதான் நீ உசுரோட இருக்கற."

அந்தச் சொல்தான் திரும்பி வரும்போது பஸ்ஸில் கூடவே வந்தது. கூட்டத்தில் அவள் பேசியது நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. எடப்பாடி வருவதற்குள் அது கரைந்துபோயிற்று. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஆறு மாதம் சுமந்த தனக்கே நோவின் பேர் தெரியவில்லை.

இரண்டு மைல் தூரம். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி மாத்திரை போட்டுக்கொண்டு, வெயில் தாழும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான். மாரக்காள் வாசலில் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நோவுதான் புள்ள. டாக்குட்டரே எழுதிக் குடுத்துட்டாரு." காகிதத்தை நீட்டினான்.

அவள் அதை வாங்கவில்லை. முளைக்குச்சியில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"பயப்படாத. நாளைக்குக் கூட்டத்துல உன்னைய ஆரும் ஒரு சொல்லு சொல்ல உடமாட்டேன். எனக்கே தெரியாத நோவு அவளுக்கு எப்படித் தெரியும், அறியாமச் சொல்லிட்டான்னு நானே எந்திரிச்சுச் சொல்லிக்கறேன்."

மாரக்காள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நோவுன்னா ஊரு என்னைய அத்து உடாதுங்களே. நோவுன்னு தெரிஞ்சுதானுங்க அப்படிச் சொன்னேன்."