இரு விரல்களுக்கு நடுவில்

என் தம்பி மகளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டுவிட்டு, தம்பியைக் குடிகாரன் என்று ஊரெல்லாம் சொன்ன பெரிய மனிதர், மருத்துவரின் அறையில் எனக்கும் தம்பிக்கும் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மேசை விளக்கின் கீழே மருத்துவர் இரண்டு விரல்நுனிகளைத் தொடாமல் நிறுத்திக் காட்டுகிறார். "ரெண்டு நரம்பு செல்லும் ஒட்டாதுங்க. நடுவுல சின்ன இடைவெளி. இது டோபமைன்னு ஒரு ரசாயனத்தை விடும், அது வாங்கிக்கும். அப்பதான் சேதி போகும். இவருக்கு அந்த ரசாயனம் குறைஞ்சுபோச்சு, அதான் நடுக்கம். குடியில்ல." தம்பி பிடித்திருக்கும் டம்ளர் மேசையில் கடகடவென்று அடிக்கிறது. மன்னிப்புக் கேட்கத் திறக்கும் என்று நான் காத்திருக்கும் பெரிய மனிதரின் வாய், பல்குச்சியை எடுத்துவிட்டுக் கேட்கிறது: "அப்ப பொண்ணுக்கும் வருமா?" விளக்கொளியில் அவருடைய மோதிரம் மட்டும் மின்னுகிறது. நான் டம்ளரை வாங்கி வைக்கிறேன். "எழுந்திருடா. நம்ம பொண்ணு இவர் வீட்டுக்குப் போக வேண்டாம்."