தயிர்சாதப் பூனை

"தயிர்சாதம் தவிர வேற எதையும் எங்க அம்பி தொடமாட்டான் டாக்டர்!" என்று லோகாம்பாள் அடித்துச் சொன்னாள்.

மேசைமேல் மயக்கம் தெளியாமல் கிடந்த அம்பி, அவர்கள் வளர்க்கும் கடுவன் பூனை. பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் செல்லப் பிள்ளை. மூத்திரம் போகாமல் அது துடித்த துடிப்பைப் பார்க்க முடியாமல், லோகாம்பாளும் அவள் கணவர் வெங்கிடாசலமும் மட்டாஞ்சேரியிலிருந்து சுள்ளிக்கல்லுக்கு ஆட்டோவில் பறந்து வந்திருந்தார்கள்.

கால்நடை டாக்டர் ஷைலஜா, டியூப் போட்டு எடுத்த மூத்திரத்தைக் குப்பியில் ஆட்டிக் காட்டினாள். அடியில் மணல் மணலாக ஏதோ மினுங்கியது.

"எல்லாம் கல்லுத் தூள் மாமி. மயக்க ஊசி போட்டதும் வாந்தி எடுத்தான். வந்தது தயிர்சாதமல்ல, நெத்திலிக் கருவாட்டுத் தலை! யாரோ தினமும் வாரிக் கொடுக்கறாங்க. இனியும் அடைச்சா என் கையில இல்ல, கேட்டோ. கருவாடு கூடவே கூடாது. வெள்ளம், அதான் தண்ணி, நிறைய குடிக்கணும்."

வெங்கிடாசலம் குப்பியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த 'யாரோ' அவர்தான்.

காலையில் மிளகுக் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போகும் வழியில், ராஜனின் கருவாட்டுக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கிச் சந்து முனையில் அம்பிக்குப் போடுவார். தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு அது பார்க்கிற பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. பூனையைச் சைவமாக்குவது பாவமில்லையா? ஆனால் லோகாம்பாளுக்குத் தெரிந்தால் அவருக்கும் சந்து முனையில்தான் சாப்பாடு.

"எங்காத்து வாசப்படியை மீன் தாண்டினதே இல்லை! எந்தப் பாவி பண்ணின வேலையோ!" லோகாம்பாளின் குரல் நடுங்கியது. "ஏன்னா, சிலை மாதிரி நிக்கறேளே, ஏதாவது சொல்லுங்கோளேன்!"

"நா... நான் விசாரிக்கறேன்."

"கண்டுபிடிச்சா அந்தக் கையை ஒடிக்கணும்!"

வெங்கிடாசலம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அம்பி கண்ணைத் திறந்து ஈனமாக முனகியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பாசம் காட்டுகிறேன் பேர்வழி என்று பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனே!

மறுநாள் காலை முதல் வேலையாக ராஜன் கடைக்கு ஓடினார்.

"ராஜா, இனிமே எனக்குப் பொட்டலம் கட்டாதே. கருவாடு தின்னு அம்பிக்கு மூத்திரம் அடைச்சுப்போச்சு. பொழைச்சதே தெய்வாதீனம். நான் வாங்கிண்டிருந்த சங்கதி மட்டும் மாமி காதுக்குப் போகவே கூடாது, கேட்டியா?"

"நான் எதுக்கு சாமி சொல்லப்போறேன்?" என்ற ராஜன், தராசைத் துடைத்தபடி தலையைச் சொறிந்தான்.

"அப்போ, அம்பிக்குன்னு மாமி தினமும் மத்தியானம் வந்து வாங்கிட்டுப் போற பொட்டலத்தையும் நிறுத்திடட்டுமா?"